பதினைந்தாம் லிட்டர்

என் வலது தோளில் ஒரு வலி குடியிருக்கிறது. காலையில் சட்டை போடும்போதுதான் அது எழுந்து கொள்ளும். இடது கையால் வலது கையைத் தூக்கி, குழந்தைக்குப் போட்டுவிடுவதுபோல், சட்டைக்குள் விட வேண்டும். முப்பத்தொரு வருஷம் லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, கைகளை மேலே நீட்டி வேலை பார்த்ததற்கு வாங்கிய கூலியில் இதுவும் சேர்த்தி. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இனிமேல் தோளுக்கு மேல் கையைத் தூக்குகிற வேலை வேண்டாம் என்றார். நான் லாரி மெக்கானிக் என்றேன். அவர் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டு என் கையில் கொடுத்தார்.

பட்டறையை விட்டுப் போகச் சொல்லும் நாள் வருமுன் வீட்டில் எனக்கென்று ஒரு செட் சேர்த்துவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. ஸ்கூட்டர், ஆட்டோ, சின்ன வேன் என்று நின்றுகொண்டே பார்க்கக்கூடிய வேலைகள் இருக்கின்றன. அதற்கு ஒரு கொட்டகையும் சாமான்களும் போதும்.

மெக்கானிக் வீட்டில் சாமானுக்கா பஞ்சம் என்று கேட்பார்கள். பஞ்சம்தான். எங்கள் பட்டறையில் சாமான் எல்லாம் முதலாளியுடையது. கம்பிவலை போட்ட ஓர் அறைக்குள் இருக்கும். ஆளுக்கு ஒரு நம்பர், பித்தளை வில்லையில் வெட்டியது. என்னுடையது பதினேழு. ஸ்பேனரை எடுத்தால் அந்த ஆணியில் வில்லையை மாட்ட வேண்டும். சாயங்காலம் வில்லை திரும்பக் கைக்கு வராத ஆளுக்கு கேட் திறக்காது. முப்பத்தொரு வருஷம் நல்ல இரும்பைக் கையில் பிடித்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தவன் நான். வீட்டில் ஒரு திருப்புளி கிடையாது. குக்கர் கைப்பிடி ஆடினால் என் மனைவி கத்தி நுனியால்தான் முடுக்குவாள். எங்கள் வீட்டுக் கத்திகள் எல்லாவற்றுக்கும் மூக்கு வளைந்திருக்கும்.

"ஊருக்கெல்லாம் இஞ்சின் பிரிச்சு மாட்டறவரு வீட்ல குழாய் ஒழுகுது" என்று அவள் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். நான் கேட்காததுபோல் இருப்பேன்.

சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரன் முதலில் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே நூற்றெட்டுச் சாமான், பளபளவென்று, பல் வரிசை மாதிரி. ஒரு ஸ்பேனரை எடுத்துக் கையில் எடை பார்த்தேன். தகரம். துருப்பிடித்த ஒரு போல்ட்டில் போட்டால் வாயைப் பிளந்துவிடும். தொழில் தெரியாதவன்தான் செட்டை வாங்குவான். தெரிந்தவன் கை எதைத் தேடுகிறதோ அதை வாங்குவான். நான் ஒரு மாதம் முழுக்கப் பட்டறையில் என் வில்லை எந்த ஆணியில் அதிகம் தொங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். ஸ்பேனர் அளவில் பத்தும் பன்னிரண்டும் பதிமூன்றும் பதினான்கும்தான் ஓயாமல் வந்தன. கட்டிங் பிளேயர், சுத்தியல், நீளத் திருப்புளி ஒன்று, குட்டை ஒன்று. முதல் வருஷம் அவ்வளவுதான். பழைய இரும்புக் கடையில் உட்கார்ந்து, குவியலைக் கிளறி, வாய் தேயாததாகப் பொறுக்கினேன். பாக்ஸ் ஸ்பேனரைத் திருப்பும் ராட்செட்டைக் காதோரம் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். உள்ளே பல் போயிருந்தால் சத்தம் நொண்டும். இரும்பைக் கடித்துப் பிடிக்கிற வைஸ் ஒன்று கிடைத்தது, முப்பது கிலோ இருக்கும். தோள் ஒத்துழைக்காததால் இரண்டு கிலோமீட்டர் சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் தகரச் சாய்ப்பு ஒன்று. அதில் ஒரு பலகையை நிறுத்தி ஆணி அடித்தேன். வரைவதற்குப் பொறுமை இல்லை. சாமான்களை ஆணியில் மாட்டிவிட்டு மேலேயே நீல ஸ்ப்ரே பெயிண்டை அடித்தேன். சாமானை எடுத்தால் அதன் உருவம் மட்டும் மரநிறத்தில் நிற்கும், சுற்றிலும் நீலம். எது இல்லை என்பது ஒரு பார்வையில் தெரியும். சாமான்மேல் பட்ட பெயிண்டைப் பிறகு பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்தேன். கொஞ்சம் சோம்பேறித்தனமான வேலைதான். ஆனால் அன்றைக்கு அதை அரை மணி நேரம் நின்று பார்த்தேன். மனைவி வந்து, பொண்ணு பார்க்க வந்தப்பகூட என்னை இப்படிப் பார்க்கல என்றாள்.

அந்தப் பலகையில் என்னுடையது அல்லாத சாமான் ஒன்றும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

என் மனைவியின் தங்கை புருஷனும் அதே பட்டறைதான். எனக்குச் சகலை. நான்தான் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டேன். பட்டறையில் அவன் பெயர் டக்கு. பெயர் வந்த கதை இதுதான். டார்க் ரெஞ்ச் என்று ஒரு நீள ஸ்பேனர் உண்டு. கைப்பிடியைச் சுற்றி, எவ்வளவு பலத்துக்கு முடுக்க வேண்டுமோ அந்த எண்ணில் வைத்துவிட்டு போல்ட்டை முடுக்கினால், அந்தப் பலம் வந்ததும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் விடுபட்டு 'டக்' என்று சத்தம் வரும். அதற்குமேல் முடுக்கக் கூடாது. நாங்கள் எல்லாம் கைக்கணக்கில் முடுக்குகிற பரம்பரை. மணிக்கட்டு சொல்லும், போதும் என்று. டக்கு அப்படி இல்லை. புத்தகத்தில் என்ன எண் இருக்கிறதோ அதில் வைத்து, சத்தம் கேட்டால்தான் அடுத்த போல்ட்டுக்குப் போவான். அதற்காக நாலு மாதம் டீயைக் குறைத்து, தன் காசில் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கி வந்தான். முதலாளியிடம் இருந்தது எப்போதோ கெட்டுப் போய்விட்டது. அந்தப் பட்டறையில் சொந்தச் சாமான் வைத்திருந்த ஒரே ஆள் அவன்தான்.

கேலிக்குக் குறைவில்லை. அவன் சாப்பாட்டுத் தூக்கை மூடும்போது யாராவது பின்னால் நின்று டக் என்று நாக்கைத் தட்டுவார்கள். கல்யாணத்துல தாலி முடிச்சு போட்டப்பவும் சத்தம் கேட்டுத்தான் விட்டியா என்று வெல்டர் கேட்பான். டக்கு சிரிப்பான். அவன் முடுக்கிய வண்டி எதுவும் திரும்பி வந்ததில்லை.

போன வருஷம் பக்கத்துத் தெரு வேன் ஒன்று என் கொட்டகைக்கு முதல் வேலையாக வந்தது. பின்சக்கரத்தை அச்சோடு பிடிக்கிற ஹப் நட்டை முடுக்க வேண்டும். தோள் அன்றைக்கு மோசமாக இருந்தது, என் மணிக்கட்டு சொல்வதை நான் நம்பத் தயாராக இல்லை. டக்குவிடம் ரெஞ்சைக் கேட்டேன். எண்ணெய் போட்ட துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான்.

"வேலை முடிஞ்சதும் கீழ எறக்கி வச்சிருங்கண்ணே" என்றான்.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்றேன்.

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. சும்மா சொன்னேன் என்று போனான்.

இறக்கி வைப்பது என்றால், கைப்பிடியைத் திருப்பி எண்ணை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து ஸ்பிரிங்கைத் தளர விடுவது. வேலை நேரத்தில் மட்டும்தான் அந்த ஸ்பிரிங் நெருக்கப்பட வேண்டும். மாதக்கணக்கில் நெருக்கியபடியே வைத்தால் அது சோர்ந்துபோகும். பிறகு எண் பத்து என்று காட்டும், பத்து வருமுன்பே டக் என்றுவிடும், போல்ட் தளர்வாகவே நிற்கும். இது தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஹப் நட்டுக்கு ரெஞ்சை உச்சத்துக்கே ஏற்றியிருந்தேன். முடுக்கினேன், டக் என்றது, வேன்காரர் கை கொடுத்தார். என் கொட்டகையில் முதல் வேலை. அந்தச் சந்தோஷத்தில் ரெஞ்சை அப்படியே பலகையில் மாட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலகைக்குப் பெயிண்ட் அடித்தபோது அதன்மேலேயும் சேர்த்து நீலத்தை அடித்தேன். அடுத்தவன் சாமானுக்கு என் பலகையில் இடம் போட்டேன். நாளைக்குக் கொடுக்கலாம், அடுத்த வாரம் கொடுக்கலாம் என்று ஏழு மாதம் அது அங்கேயே தொங்கியது. நல்ல நீளம், நல்ல பளபளப்பு. அது இருந்ததால்தான் பலகை தொழில்காரன் பலகைபோல் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்காகத்தான் கொடுக்கவில்லை.

பிறகு ஒரு லாரியின் இஞ்சினை முழுதாகப் பிரித்து மாட்டும் வேலை டக்குவுக்கு வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரெஞ்சைக் கேட்டான். நான் எடுத்துவருகிறேன் என்று கொட்டகைக்குள் போனேன். கையில் எடுத்தபோதுதான் பார்த்தேன், எண் உச்சத்தில் நிற்கிறது. ஏழு மாதம். அவன் வாசலில் என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தான். நான் அவசரமாகக் கைப்பிடியைத் திருப்பினேன், திருப்பினேன், அடிமட்டத்துக்கு வரும்வரை. எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவன் துணியை விலக்கி எண்ணைப் பார்த்தான்.

"எறக்கித்தானே வச்சிருந்தீங்க?"

"பின்ன?" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் சரி என்று ரெஞ்சைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனான்.

இஞ்சினுக்குள் பிஸ்டனையும் கிராங்கையும் சேர்க்கிற ராடுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு போல்ட். மொத்த இஞ்சினும் அந்தப் போல்ட்டுகளை நம்பித்தான் ஓடுகிறது. டக்கு ஒவ்வொன்றையும் புத்தக எண்ணில் வைத்து முடுக்கினான். ஒவ்வொன்றும் டக் என்றது. நான் நாலடி தூரத்தில் வேறு வண்டியில் நின்றுகொண்டு அந்தச் சத்தத்தை எண்ணினேன். சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் ஆகியிருக்காது என்றும் நினைத்தேன். இரண்டாவது நினைப்புக்கு உழைப்பு தேவைப்படவில்லை.

இருபத்துநாலாவது நாள் அந்த லாரி இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது ஒரு ராடு கழன்று இஞ்சின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. இஞ்சின் அப்படியே இறுகி நின்றது. லாரி சறுக்கிப்போய்ப் பாலத்துச் சுவரில் மோதியது. ஓட்டுநருடைய இடது கால் பெடல்களுக்கு நடுவே நசுங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் எங்கள் பட்டறைக்கு இருபது வருஷமாக வருகிற ஆள். டீ குடித்தால் எங்களுக்கும் சேர்த்துச் சொல்கிற ஆள்.

உடைந்த இஞ்சினைப் பட்டறைக்கு இழுத்து வந்து தரையில் பிரித்தோம். இரண்டு போல்ட்டில் ஒன்று தளர்ந்து கழன்றிருந்தது, இன்னொன்று அறுந்திருந்தது. முதலாளி அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, ஒரு போல்ட்டுக்கு மட்டும் டக்கு சத்தம் கேட்கல போல என்றார். யாரும் சிரிக்கவில்லை. டக்கு தரையில் குந்தி உட்கார்ந்து அந்த ராடையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து, நான்தான் விட்டிருக்கேன் என்றான். முடுக்கினதாத்தான் ஞாபகம், ஆனா விட்டிருக்கேன். அவனே சொன்னான். முதலாளிக்கு வேறு விசாரணை தேவைப்படவில்லை. அன்று சாயங்காலம் அவன் பித்தளை வில்லையை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனான்.

ரெஞ்சை அவன் சந்தேகப்படவே இல்லை. நான் இறக்கி வைத்திருந்தேன் என்று சொன்னதால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. மிச்சம் இருந்தது அவனுடைய கை மட்டும்தான். கையைச் சந்தேகப்பட்டான்.

இப்போது ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளை எண்ணி எழுதுகிற வேலையில் இருக்கிறான். என் கொழுந்தியாள் வந்தால் அக்காவோடு அடுப்படியில் உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசுவாள். தண்ணி பாட்டில மூடிட்டு மூணு தடவ தொறந்து பாக்கறாருக்கா. கதவத் தாழ் போட்டுட்டு வந்து படுக்கறாரு, மறுபடி எழுந்து போறாரு. வீட்டு வாளிக் கைப்பிடி கழன்றால்கூடத் தொடமாட்டேன் என்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையிலேயே குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். அந்த ஓட்டுநர் வீட்டுக்கு. அவருக்கு மனைவி இல்லை, மகள் வேறு ஊரில். இவன் போய்த் துணி துவைத்து, வீடு கூட்டி, அவரைக் குளிப்பாட்டிவிட்டு வருவான். போகாதே என்று ஒருவரும் சொல்ல முடியவில்லை. நான் சொல்லியிருக்கலாம். எனக்கு அதற்கு வாய் ஏது.

போன மாதம் என்னையும் பட்டறையில் நிறுத்திவிட்டார்கள். தோளைச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். பதினேழாம் நம்பர் வில்லையைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் கொட்டகை தயாராக இருந்தது. பலகையில் ஒரே ஓர் இடம்தான் காலி. நீளமாக, மரநிறத்தில், சுற்றிலும் நீலம்.

மறுவாரம் டக்கு வந்தான். கையில் எண்ணெய்த் துணிச் சுருள். கொட்டகைக்குள் வந்து நின்று பலகையை மேலும் கீழும் பார்த்தான். ஒவ்வொரு சாமானையும் எங்கே வாங்கினேன் என்று கேட்டான். வைஸைத் தட்டிப் பார்த்து நல்லா இருக்கு என்றான். பிறகு அந்தக் காலி இடத்தைப் பார்த்தான். சிரித்தான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"அப்பவே எடம் போட்டு வச்சிட்டீங்களாண்ணே."

துணியை விலக்கி ரெஞ்சை எடுத்து அந்த ஆணிகளில் மாட்டினான். உருவத்துக்குள் அச்சாகப் பொருந்தியது.

"எனக்கு இது எதுக்கு இனிமே. உங்ககிட்ட இருந்தா வேலை செய்யும்."

வேண்டாம் என்றேன். காசு தருகிறேன் என்றேன். அவன் காதில் வாங்கவில்லை. என் மனைவி கொடுத்த டீயைக் குடித்தான், டம்ளரைக் கழுவி வைத்தான், போய்விட்டான்.

நான் அதைத் தொடாமல் மூன்று நாள் வேலை பார்த்தேன். நாலாம் நாள் மத்தியானம் எடுத்தேன். கைப்பிடியைச் சுற்றிலும் எண்கள் கோடு கோடாக வெட்டியிருக்கும் இடத்தில் நகக்கண் அளவு நீலம் இருந்தது. அன்றைக்கு நான் பெட்ரோல் துணியால் துடைத்தபோது விட்டது. குழாயில் ஒரு நீலத் துணுக்கு, சுற்றுகிற கைப்பிடியில் ஒரு நீலத் துணுக்கு. இரண்டும் தள்ளித் தள்ளி இருந்தன. கைப்பிடியைத் திருப்பிக்கொண்டே போனேன். உச்ச எண்ணுக்கு வந்தபோது இரண்டு துணுக்கும் ஒன்றுக்கொன்று முட்டி ஒரே கோடாகின. பெயிண்ட் அடித்த நாளில் அது எந்த எண்ணில் இருந்தது என்று என் பெயிண்டே எழுதி வைத்திருந்தது. டக்கு இதை எத்தனை தடவை கையில் பிடித்திருப்பான். அந்த நீலத்தைப் பார்த்திருப்பான். என் பலகையில் இருந்த சாமானில் நீலம் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான் என்று விட்டிருப்பான்.

தப்பிக்க இன்னும் ஒரு வாசல் இருந்தது எனக்கு. ஸ்பிரிங் சோர்ந்திருக்காமலும் இருக்கலாம் அல்லவா. ஏழு மாதம் எல்லா ஸ்பிரிங்கையும் கெடுத்துவிடாது. அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு, வைஸும் தண்ணீரும் போதும்.

ரெஞ்சின் தலையை வைஸில் கடிக்க வைத்தேன். கைப்பிடி தரைக்கு இணையாக நீட்டிக்கொண்டிருந்தது. தலையிலிருந்து சரியாக அரை மீட்டரில் சாக்கட்டியால் கோடு போட்டு, அங்கே ஒரு காலித் தண்ணீர் கேனைக் கம்பியால் தொங்கவிட்டேன். எண்ணைப் பத்தில் வைத்தேன். எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவதுதான் அந்த எண். அரை மீட்டர் தூரத்தில் இருபது கிலோ தொங்கினால் பத்துக்கு டக் என்று சொல்ல வேண்டும். கேன் ஒரு கிலோ, கம்பியும் ரெஞ்சின் கனமும் சேர்த்து இன்னொரு கிலோ என்று வைத்துக்கொண்டேன். பதினெட்டு லிட்டர் தண்ணீர் ஊற்றும்வரை அது வாயைத் திறக்கக் கூடாது. லிட்டர் குவளையால் ஊற்ற ஆரம்பித்தேன்.

மனைவி வந்து வாசலில் நின்றாள். என்ன பண்றீங்க என்று கேட்டாள். நான் எண்ணிக்கொண்டே ஊற்றினேன். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. தோள் எரிந்தது. பதிமூன்று. குவளையை ஒவ்வொரு தடவையும் தலைக்கு மேல் தூக்க வேண்டியதில்லை, நெஞ்சளவுதான், ஆனாலும் எரிந்தது. பதினான்கு. பதினைந்தாம் லிட்டரில் பாதி குவளை விழுந்திருக்கும்.

டக்.

மெதுவாகத்தான் கேட்டது. கேனைக் காலி செய்து மறுபடி ஊற்றினேன். பதினைந்தாம் லிட்டர். மூன்றாம் தடவையும் பதினைந்தாம் லிட்டர். கொட்டகைத் தரை முழுக்கத் தண்ணீர். நான் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எறக்கித்தானே வச்சிருந்தீங்க என்று அவன் கேட்டதை. நான் சொன்ன வார்த்தையை.

அவள் தண்ணீரைத் துடைப்பத்தால் வாசலுக்குத் தள்ளினாள். தள்ளிக்கொண்டே பேசினாள்.

"சொல்லத்தான் வேணும். சொன்னா என் தங்கச்சி வீட்டுப் படி நான் மிதிக்க முடியாது. அதுக்காகச் சொல்லாம இருக்காதீங்க. ஞாயித்துக்கிழமை டிரைவர் வீட்டுக்குப் போங்க. ரெண்டு பேரும் அங்க இருப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை போனேன். சட்டையை அவளே மாட்டிவிட்டாள்.

ஓட்டுநர் வீடு ஒற்றை அறை. ஜன்னலோரம் கட்டில், சுவரில் பழைய வண்டிச் சாவி ஒன்று ஆணியில். டக்கு கொல்லைப்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தான். ஓட்டுநர் செயற்கைக் காலைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாங்க மாஸ்டர் என்று கட்டிலில் இடம் ஒதுக்கினார்.

"இருபது வருஷம் வண்டிய சர்வீசுக்கு விட்டேன். இப்ப நானே வாராவாரம் சர்வீசுக்கு வர்றேன்" என்று காலைத் தூக்கிக் காட்டினார். அதன் நடுவில் குழாயைப் பிடித்திருக்கிற இடத்தில் நாலு சின்ன ஸ்க்ரூ. நடக்க நடக்க ஒன்று தளர்ந்துவிடுகிறது, நடக்கும்போது கிளி மாதிரிக் கத்துகிறது என்றார். காலைக் கொடுத்தவர்கள் அந்த ஸ்க்ரூவை முடுக்க வளைந்த எல்-கீ ஒன்றும் கொடுத்திருந்தார்கள். அதை எடுத்து, கைகளைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்த டக்குவிடம் நீட்டினார். "தம்பி, இதக் கொஞ்சம் முடுக்கிவிடேன். நீ இத்தன நாள் வர்ற, ஒரு தடவ தொடமாட்டேங்கற."

டக்கு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி.

"அண்ணன் பாப்பாரு" என்றான். "என் கை சரியில்லண்ணே. உங்க காலைப் பறிச்சதே இந்தக் கைதான்."

"அட, விடுடா" என்றார் ஓட்டுநர். "வண்டின்னா உடையத்தான் செய்யும். நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா?"

"கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றான் டக்கு.

அதைவிட நல்ல நேரம் ஒருவனுக்கு வாய்க்காது. இரண்டு பேரும் இருந்தார்கள். வார்த்தையும் என்னிடம் தயாராக இருந்தது. வருகிற வழியெல்லாம் சைக்கிளில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்-கீ என் கைக்கு வந்தது. ஓட்டுநர் காலை என் மடியில் வைத்தார். கனம் இல்லாமல் இருந்தது. முதல் ஸ்க்ரூவை முடுக்கினேன். சொல்லு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது. சொன்னால் இந்தக் கட்டிலிலிருந்து என்னை எழுந்து போகச் சொல்வார்கள். டக்குவின் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கும். என் கொட்டகைக்கு வருகிற ஸ்கூட்டர்காரர்கள் வேறு ஆளைத் தேடிப் போவார்கள். மூன்றாவது. அவன் பாட்டில் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பது நின்றுபோகும். நாலாவது. மணிக்கட்டு போதும் என்றது.

"சரியா இருக்கா பாருங்க" என்றேன். நான் சொன்னது அது மட்டும்தான்.

ஓட்டுநர் காலை மாட்டி அறைக்குள் நாலு நடை நடந்தார். சத்தமில்லை. மாஸ்டர் கை மாஸ்டர் கைதான் என்றார். டக்கு தலையை ஆட்டினான், அதில் பொறாமைகூட இல்லை. வாசல்வரை என்னோடு வந்தான். சைக்கிளைத் தெருப்பக்கம் திருப்பி என் கையில் பிடித்துக் கொடுத்தான்.

"ரெஞ்சு வேலை செய்யுதாண்ணே?"

"ம்."

"வேலை முடிஞ்சதும் கீழ எறக்கி வச்சிருங்க" என்றான். சொன்ன பிறகு பதறிவிட்டான். "உங்களுக்குப் போய்ச் சொல்றேன் பாருங்க."

வீட்டுக்கு வந்தேன். மனைவி தட்டு வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சாப்பாட்டைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். அன்றிலிருந்து அவள் கொட்டகைக்குள் வருவதில்லை. குக்கர் கைப்பிடியை மறுபடியும் கத்தியால்தான் முடுக்குகிறாள்.

செட் இப்போது முழுமையாக இருக்கிறது. வருகிறவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு, தொழில்காரன் வீடுன்னா இப்படி இருக்கணும் என்கிறார்கள். அந்த ரெஞ்சை நான் எந்த வேலைக்கும் எடுப்பதில்லை. அடிமட்டத்தில் இறக்கித் தொங்கவிட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டக்கு ஓட்டுநர் வீட்டுக்குப் போகிறான். அங்கே போய் அவன் அடைக்கிற கடன் என்னுடையது.

என் சகலைக்கு நான் தர வேண்டியது இது: அந்த ஓட்டுநரும் காதால் கேட்க, உன் கை தப்புப் பண்ணல, ஏழு மாதம் ரெஞ்சை ஏற்றியபடியே வைத்திருந்தது நான், இறக்கி வைத்திருந்தேன் என்று பொய் சொன்னதும் நான் என்கிற சொல். அதை இன்னும் தரவில்லை.